நீ இருக்கிறேன் என்று சொன்ன மலை

ராஜு,

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ பாளையங்கோட்டையிலிருந்து வந்து, சாப்பிட உட்கார்ந்ததும் உட்காராததுமாக, காட்டிலாகாவில் ஃபாரஸ்டர் வேலை கிடைத்திருக்கிறது, கம்பத்தைத் தாண்டிக் கூடலூர் மலைப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து இடது கையால் உன் முதுகில் தட்டினார். நான் ரசம் எடுத்து வருகிற சாக்கில் அடுக்களைக்குள் போனவள், நீ கை கழுவுகிறவரைக்கும் வெளியே வரவில்லை. மறுநாள் பஸ் ஏறும்போது, "நீ போன்னு சொன்னாத்தாம்மா போவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். வருகிற திங்கட்கிழமைக்குள் நீ அவர்களுக்குப் பதில் எழுதியாக வேண்டும். ஊரில் எனக்கு வாயாடி டீச்சர் என்று பெயர். மூன்று வாரமாக அந்த வாயாடி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யானைக்குப் பயந்துதான் அம்மா பேசவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். யானை என்ன ராஜு, யானை வந்தால் நீ ஓடிக்கொள்வாய், அதற்கு உனக்குக் கால் இருக்கிறது. விஷயம் வேறு. நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஏழு வருஷமாக அது நம் வீட்டில் நம்மோடுகூடச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறது. அதை உடைக்காமல் உன்னைப் போ என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். உடைத்தாலோ, நீ என்னை என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை. இந்தப் பயத்தில்தான் மூன்று வாரம் போயிற்று. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். பாதியில் கோபம் வந்தாலும் கடைசிவரைக்கும் படித்துவிடு.

நாம் மூவரும் அப்பாவின் காரில் மலைக்குப் போனோமே, அந்தப் பயணத்தைப் பற்றித்தான். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. யுத்த காலம். உன் மூச்சிழுப்பு அந்த வருஷம் மிகவும் மோசமாக இருந்தது. நம் தெருப் பையன்கள் முத்துக் குளிக்கிறவர்களைப் பார்த்துவிட்டு மூச்சடக்குகிற பந்தயம் வைப்பார்களே, ஒருவன் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பான், மற்றவன் எண்ணுவான். எதிர்வீட்டுப் பொடியன்கூட அறுபது எழுபது என்று போவான். நீ பதினெட்டைத் தாண்டியதில்லை. தோற்றுவிட்டு வந்து, "எனக்கு மட்டும் ஏம்மா மூச்சு குட்டையா இருக்கு?" என்று கேட்டாய். பூகோள டீச்சருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. டாக்டர் ஐயாதான் சொன்னார், கடல் ஈரமும் பஞ்சுத் தூசியும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது, ஐந்தாறு வருஷம் மலைக்காற்றில் இருந்தால் தேறிவிடுவான் என்று. வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பெரியப்பா இலையைப் பதப்படுத்துகிற டீ மேக்கராக இருந்தார். என் அக்காவுக்கு, உன் பெரியம்மாவுக்கு, பிள்ளை இல்லை. அவளுக்கு எழுதினேன். "என்னத்துக்குளா யோசிக்க? அவன இங்கன கொண்டாந்து விடு, நான் படிக்க வைக்கேன்" என்று மறு தபாலிலேயே பதில் வந்தது. உன்னிடம் மட்டும், லீவுக்கு மலை பார்க்கப் போகிறோம் என்றேன். உன்னை அங்கே விட்டுவிட்டு வரத்தான் புறப்பட்டோம், ராஜு.

ஆனால் மலை பார்க்கப் போகிறோம் என்றது முழுக்கப் பொய்யும் இல்லை. எனக்கும் ஆசை இருந்தது. பதினோரு வருஷமாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையாக முக்கோணம், முக்கோணத்துக்கு மேலே ஒரு மேகம். நம் ஊரில் உயரமாக ஒன்றைக் காட்டு என்றால் பிள்ளைகள் உப்புக் குவியலைத்தான் காட்டும். நானும் அதைவிட உயரத்தில் ஏறியதில்லை. இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் தேனிக்கு அப்பால் மலை தெரிந்ததே, அப்போது நான் ஏன் பேச்சில்லாமல் இருந்தேன் என்று தெரியுமா? ஒரு மலைக்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீலம். ஒன்றுகூட முக்கோணமாக இல்லை. "அம்மா, நீ போடுத மலை எதும்மா?" என்று நீ கேட்டாய். அப்பா ஸ்டீரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அந்தக் காரை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான். பெட்ரோல் கிடைக்காத காலம். துறைமுகத்தில் கப்பல் துரைமார்களை ஏற்றி இறக்குகிற அந்த வாடகைக் காருக்குப் பின்னால் அப்பா கரி அடுப்பு வைத்த பீப்பாய் ஒன்றைக் கட்டியிருந்தார். அடுப்பு மூட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதி, புகை வாயுவாகிக் குழாய் வழியே எஞ்சினுக்குப் போனால்தான் வண்டி உறுமும். காலையில் அரைமணி நேரம் அதற்கே போய்விடும். நான்தான் கைப்பிடி சுற்றினேன், உன்னைப் பக்கத்தில் விடவில்லை. எட்டயபுரம், கோவில்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி என்று சமதரையில் எல்லாம் ராசா மாதிரிதான் போயிற்று. குமுளி மலை ஏற்றத்தில் தொடங்கியது கூத்து. பத்து வளைவில் எட்டில் மூச்சு வாங்கி நின்றது. அது நிற்கும்போதெல்லாம் நான் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். "டீச்சரம்மா, கல்லு! டீச்சரம்மா, கல்லு!" என்று அப்பா போட்ட கூப்பாடு அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும். "ஏம்ப்பா, நம்ம காருக்கும் இழுப்பா?" என்று நீ கேட்டதை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது உப்புக்கு வருகிறேன். நீ இதை உன் கூட்டாளிகளிடம் எத்தனை தடவை சொன்னாயோ, எனக்குத் தெரியாது. என் பக்கத்துக் கதையையும் கேள். அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அரை மூட்டை உப்பைக் கட்டி, காரின் பக்கப் படியில் வைத்துக் கயிறு போட்டேன். மலையில் உப்பு கிடைப்பது அரிது என்று அவள் எழுதியிருந்தாள். குமுளியில் வண்டிகளைச் சோதிக்கிற சவுக்கையில் நின்ற காவல்காரர் மூட்டையைத் தடவிப் பார்த்தார். "என்னம்மா இது, உப்பா? இதை வெளியில கட்டிக்கிட்டா காட்டுக்குள்ள வருவீங்க? உள்ள தூக்கி வையுங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உப்ப யாரு அண்ணாச்சி களவாங்கப் போறா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று நானும் கேட்கவில்லை. நம் ஊரில் உப்பு அம்பாரம் அம்பாரமாக வெட்டவெளியில் கிடக்கிறது. மழைக்குப் பயந்து ஓலை போட்டு மூடுவார்களே தவிர, காக்காய்கூட அதைத் திரும்பிப் பார்க்காது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

அன்றைக்கு ராத்திரி தேக்கடிக் காட்டு ஓரத்தில், ஒரு டீக்கடையை ஒட்டிக் காரை நிறுத்தினோம். அப்பா கடை பெஞ்சில் படுத்துக்கொண்டார். நீயும் நானும் காருக்குள். மூடுபனி இறங்கி மூட்டை நனைந்து, உப்புத்தண்ணீர் கதவெல்லாம் ஒழுகியிருக்கிறது. பொலபொலவென்று விடிகிற நேரம் நீ என் முழங்கையைப் பிடித்து, "அம்மா, கதவ யாரோ தேய்க்காங்க" என்றாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாக்கு. நீளமாக, சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று. அதற்குமேல் ஈரமான ஒரு மூக்கு, அதற்கும்மேல் என்னையே பார்க்கிற ஒரு கண். மிளா மான்! ஒன்றல்ல, மூன்று. என் வாயிலிருந்து "கர்த்தாவே" என்று வந்தது, அவ்வளவுதான். நீ பயப்படவில்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அதன் காது எப்படித் திரும்புகிறது, எந்தக் காலை முன்னால் வைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே இருந்தாய். "இதுக்கு உப்பு எதுக்கும்மா?" என்றாய். "தெரியாதுலே" என்றேன். ஒரு பிள்ளையிடம் தெரியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை. நீ இன்னும் ஒன்பது கேள்வி கேட்டாய், ஒன்பதுக்கும் அதே பதில். ஒரு மணி நேரம் இருக்கும். டீத் தூக்கோடு வந்த அப்பா, அவை காட்டுக்குள் போகிறவரைக்கும் அசையாமல் நின்றுவிட்டு, "ஏ டீச்சரம்மா, நம்ம உப்பளத்த இதுங்க பாத்துச்சுன்னா ஊரோட குடிவந்துரும்" என்றார்.

படகில் போய் ஏரியைப் பார்த்தோம். தண்ணீருக்கு நடுவே பட்டமரங்கள் கறுப்பாக நின்றன. அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காடு அது என்று படகுக்காரர் சொன்னார். பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே திரும்பி மதுரைக்குப் போகிறது என்று வருஷா வருஷம் பாடம் நடத்தினேன், அதற்காக ஒரு காடு நின்றபடியே செத்தது என்று எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. அக்கரையில் யானைக் கூட்டம் புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டித் தட்டி மண் உதறித் தின்றது. "பாத்தியா, அதுவும் சுத்தமாத்தான் திங்கும், நீதான் கை கழுவாம உக்காருத" என்றேன். நீ காதில் வாங்கவே இல்லை. உன் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிள்ளையைப் பெற்றால் மட்டும் போதாது, அவன் எதைப் பார்த்து அப்படி ஆகிறான் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

பெரியம்மா வாசலிலேயே நின்றாள். உப்பு மூட்டை பாதியாக வற்றிப்போய் இறங்கியதைப் பார்த்துவிட்டு, "மிளாவுக்குப் போவ மிச்சந்தான் எனக்கா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் ஐந்து நாள் இருந்தோம். தேயிலை எப்படிச் சுருள்கிறது, அட்டை எப்படி ஏறுகிறது, மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்தால் துணி ஏன் காய்வதில்லை என்று நீ கேட்டதற்கெல்லாம் அவள் சலிக்காமல் பதில் சொன்னாள். தெரியாததைத் தோட்டத்து ஆட்களிடம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வைத்தாள். முதல் நாள் கொஞ்சம் இருமினாய். அதற்குப் பிறகு இழுப்பு வரவே இல்லை. உன் முதுகில் காதை வைத்துக் கேட்பேனே, பூனைக்குட்டிச் சத்தம், அது இல்லை. நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சொல்லும்போதே மனசு முழுசாக அதில் இல்லை. அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் மேட்டிலிருந்து ஓடி வந்தாய். ஓடி வந்தாய் ராஜு, நம் வீட்டில் நடந்து வந்தாலே இளைக்கிற பிள்ளை. "அம்மா, எண்ணு" என்று சொல்லிக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாய். நான் எண்ணினேன். பதினெட்டு போயிற்று. முப்பது போயிற்று. அறுபத்து நான்கில் மூச்சை விட்டுவிட்டு, முகமெல்லாம் சிவந்து சிரித்தாய். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் புஸ்தகம் எல்லாத்தயும் பெட்டியில வச்சிருக்கியே, நான் பாத்துட்டேன். என்ன இங்க விட்டுட்டுப் போவத்தான வந்தீங்க? இருக்கேம்மா. எனக்குப் பிடிச்சிருக்கு. நீ அழாம போ" என்றாய்.

நீ அழுதிருந்தால் உன்னை விட்டுவிட்டு வந்திருப்பேன். கட்டிக்கொண்டு, போகாதே அம்மா என்று கதறியிருந்தால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு, உன் நன்மைக்குத்தான் என்று சொல்லி, நல்ல தாயாக இறங்கி வந்திருப்பேன். நீ அழவில்லை. நான் இல்லாமல் உன்னால் இருக்க முடியும் என்று நீயே வந்து என்னிடம் சொன்னாய். அதை என்னால் தாங்க முடியவில்லை. பொறாமை ராஜு. கூடப்பிறந்தவள்மேல், அந்தக் காற்றின்மேல், மிளாவின்மேல்கூட. வேறு பெயர் வைத்து இதை அழகாகச் சொல்ல மூன்று வாரம் முயன்று பார்த்தேன். வேறு பெயர் கிடைக்கவில்லை.

நேரே அடுக்களைக்குப் போனேன். பெரியம்மா உனக்காகப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, பையன் இருக்க மாட்டேங்கான். ஒரே அழுகை" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நாங் கேட்டுப் பாக்கட்டா?" என்றாள். "வேண்டாம், இன்னும் அழுவான்" என்றேன். அப்புறம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியம்மாவுக்கு உன்ன வச்சிக்க முடியாதாம்லே. சீக்காளிப் பிள்ளைய யார் பாக்கன்னு சொல்லுதா. நாம போயிருவோம்" என்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்கிற பிள்ளை, அதற்கு மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கார் புறப்படும்போது அவள் பணியாரப் பொட்டலத்தை நீட்டினாள். நீ வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அப்பாவுக்குத் தெரியும். கம்பத்தில் இறங்கிக் கரி போடும்போது, "ரெண்டு பேர்ட்டயும் சொன்னது ஒண்ணுதானா டீச்சரம்மா?" என்று கேட்டார். நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அவர் கரியைப் போட்டு முடித்துவிட்டு வண்டியில் ஏறினார். மனிதர் நல்லவர், ஆனால் அன்றைக்கு என்னை இரண்டு அறை அறைந்து வண்டியைத் திருப்பியிருந்தால் தேவலை என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் உனக்கு இழுப்பு வந்தது. அதற்குப் பிறகு எத்தனை மார்கழி! தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து, பரீட்சைக்குக்கூடப் போக முடியாமல், நீ பட்ட பாட்டை எல்லாம் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கஷாயம் வைத்துக் கொடுத்தேன், நெஞ்சு தடவினேன், தியாகி மாதிரி விழித்திருந்தேன். நாலு பேர், தாய் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. பெரியம்மா வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு உனக்கு வாழ்த்து எழுதினாள். நீ ஒன்றுக்கும் பதில் எழுதியதில்லை. "வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நான் என்ன எழுத?" என்பாய். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் நின்றேன், ராஜு. உன் பேனாவில் மைகூட ஊற்றிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லவில்லை.

பெரியம்மா உன்னை ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீக்காளி என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை என்னுடையது.

கோபப்படு. நியாயந்தான். மன்னிப்புக் கேட்கிறேன். பெற்றவள் கேட்கிறாளே என்று அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கொடு. தோன்றாவிட்டாலும் வேலைக்குப் போ. போ என்று சொல்லிவிட்டேன், கேட்டுக்கொள். வாய் நிறையச் சொல்கிறேன், போ. இன்றைக்கே அவர்களுக்கு எழுது. உன் மூச்சு அங்கேதான் நீளமாக இருந்தது. காட்டில் தெரிந்தவன் மாதிரி நடக்காதே. சவுக்கையில் நிற்கிறவர் ஒன்று சொன்னால் ஏன் என்று நின்று கேள், உன் அம்மாவைப் போல் வாயடிக்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. உனக்கும் ஒரு காலத்தில் பிள்ளை பிறக்கும். அது உன்னை விட்டு வேறொன்றைப் பார்த்து முகம் மலரும்போது வலிக்கும், சும்மா சொல்லவில்லை, நன்றாகவே வலிக்கும். வலித்தால் வலிக்கிறது என்று அதனிடமே சொல்லிவிடு. என்னைப் போல் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசி வைக்காதே.

இன்னும் ஒன்று. உனக்கு எழுதுவதற்கு முன்னால் பெரியம்மாவுக்கு எழுதினேன். அவளிடம் முதலில் சொல்லாமல் உன்னிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அடுக்களையில் சொன்னது, உன்னிடம் சொன்னது, எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதி, அக்கா, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு என்று முடித்தேன். ஒன்பது நாள் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்துவிடுவேன். இன்றைக்கு மத்தியானம் ஒரு கார்டு வந்தது. என் நாலு பக்கத்துக்கு அவள் எழுதியது இவ்வளவுதான்:

"ஏளா, அழுத பிள்ளையோட கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். பெத்தவ நீ, உங்கிட்ட என்னத்தச் சொல்லிப் பிடுங்க? அத விடு. அவன் எப்ப வாரான்?"

அம்மா